ஃபிளைவீலின் முதுகு

பதினோரு வருஷமாகத் தம்புசாமி எந்த மினி காரின் கிளட்சிலும் கை வைத்ததில்லை. வேலை தெரியாமலா? பெட்டாலிங் ஜெயாவில் வெள்ளைக்காரன் கார் கம்பெனியில் இருந்த காலத்தில், மினி கிளட்ச் என்றால் தம்புசாமியைக் கூப்பிடு என்பதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஆள், பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டுக்குப் பின்சந்தில் சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகு, மினியில் யார் வந்து நின்றாலும், "கிளட்ச் நான் பாக்கறதில்ல பாஸ், வேற எடம் பாருங்க லா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். லோரி எஞ்சினோடும் துருப்பிடித்த டாட்சனோடும் மாரடித்தே அவனுக்கு நாற்பத்தெட்டு வயசாகிவிட்டது.

எல்லாம் ஒரு புல்லரால் வந்த வினை. மினி காரில் ஃபிளைவீல் என்கிற அந்தக் கனத்த இரும்புச் சக்கரம் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் கூம்பு முனையில் ஏறி, இறுகி, பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இழுத்தால் வராது, அடித்தாலும் வராது. தடித்த இரும்புத் தட்டு ஒன்றை மூன்று போல்ட் போட்டு அதன்மேல் பூட்டி, நடுத்திருகைக் கிராங்கில் முட்டவைத்து முறுக்கி, திருகின் தலையில் ஒரு அடி போட்டால்தான் பிடி விடும். அந்தத் தட்டுக்குத்தான் புல்லர் என்று பேர். கம்பெனியில் ஒன்றே ஒன்று இருந்தது. எழுபத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அது காணாமல் போனது.

ஃபோர்மன் கார்த்திகேசு யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை கடைசியாகப் புல்லரைப் பிடித்தவன் தம்புசாமி, ஆகவே எடுத்தவனும் தம்புசாமி. பட்டறையில் முப்பத்திரண்டு பேர் சுற்றி நிற்க, அவனுடைய சாமான் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார். லாக்கரைத் திறந்து சட்டையை உதறினார். அதோடு விட்டாரா? டிபன் கேரியரைத் திறந்து சோற்றுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிளறினார். அவ்வளவு பெரிய இரும்புத் தட்டு சோற்றுக்குள்ளா இருக்கும்? ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும், "கிடைக்கேல்ல எண்டா வித்துப்போட்டான் எண்டு அர்த்தம்" என்றார். மத்தியானத்துக்குள் தம்புசாமியை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் புல்லர் தம்புசாமி. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவன்கூடத் தெருமுனையில், "புல்லர் வீடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வந்தான். ஒரே ஒரு மினி கிளட்சைத் திறந்திருந்தால் போதும், "பாத்தியா, அதே புல்லர்தான்" என்று ஊரே சொல்லியிருக்கும். புதிதாக வாங்கினாலும் அதே பேச்சுதான் வரும். அதனால், கைக்கு நன்றாக வந்த வேலையைத் தானே பூட்டி வைத்துக்கொண்டான். வயிறு எரியுமா, எரியாதா? பதினோரு வருஷமும் எரிந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை. பட்டறை வாசலில் டாக்சி வந்து நின்றது. கையில் குடையும் ஒரு பை ஆரஞ்சுப் பழமுமாக ஒரு பெண்மணி இறங்கினார். அறுபது வயசு இருக்கும். எண்ணெய் படிந்த தரையில் பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தார்.

"தம்பி, நான் குணபூசணி. ஃபோர்மன் கார்த்திகேசுவிட மனுசி. பங்சார்ல இருந்து வாறன்."

தம்புசாமி லோரிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அவர் எங்கட மினிக்குக் கிளட்ச் மாத்தப் போறன் எண்டு போர்ச்சிலயே எல்லாத்தையும் கழட்டிப் போட்டார். ரிட்டயராகி ரெண்டு வருசம், சும்மா இருக்க ஏலாது அவருக்கு. அந்த வீல் மட்டும் வரமாட்டன் எண்டு நிக்குது. நாலு நாளா மருமகன் வாசுவும் அவரும் அடிக்கிற அடியில அக்கம்பக்கத்துச் சனம் ஏசுது." கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு சொன்னார், "உங்களிட்ட அந்தப் புல்லர் இருக்கும்தானே தம்பி? ஒரு நாளைக்குத் தந்தீங்கள் எண்டாக் காணும். அவர் பழசு ஒண்டையும் மனசில வச்சிருக்கேல்ல. நான் எப்பவோ மன்னிச்சிட்டன் எண்டு சொல்லச் சொன்னவர்."

மன்னிச்சிட்டாரா! திருடாதவனைத் திருடன் என்று ஊர் முழுக்கப் பறை அடித்துவிட்டு, பதினோரு வருஷம் கழித்து அந்தத் திருட்டுச் சாமானையே கடன் கேட்டு ஆள் அனுப்பி, கூடவே மன்னிப்பும் கொடுத்து அனுப்புகிறான் பாவி மனுஷன். ஆனால் எதிரே நின்ற அம்மாள் முகத்தில் கள்ளம் இல்லை. கணவர் சொன்னதை அப்படியே நம்பி, வெயிலில் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன அம்மா இவ்வளவு அவசரம்?" என்று குரலை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில முந்தி வேலை செய்த ஆக்கள் எல்லாரும் மினிக் காரோட எங்கட வீட்டுக்கு வாறாங்கள். காலையில எட்டு மணிக்கு இட்லி. பதினொரு மணிக்கு எல்லாரும் வரிசையா மொரிப் கடற்கரைக்குப் போறது. முன்னுக்குப் போறது அவர்ட கார். இப்ப அது எஞ்சினைத் தூக்கிப்போட்டுக் கிடக்குது."

தம்புசாமியின் மனசுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. கம்பெனி ஆட்கள் எல்லாருமா? ஒரே இடத்திலா?

"புல்லர் மட்டும் வராது. நானும் வருவேன். ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு வரேன், பத்தரைக்குள்ள கிளட்ச் பூட்டிக் குடுக்கறேன்."

குணபூசணி தயங்கினார். "அவர் சாமான் மட்டும் காணும், ஆள் வரத் தேவையில்லை எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவர்."

"சாமான் வேணும்னா ஆளும் வரும். போய்ச் சொல்லுங்க."

வீட்டில் மனைவி பூமணியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சட்டியை நங்கென்று வைத்தாள். "அவன் கிளறினது நான் கட்டிக்குடுத்த சோறு. அன்னைக்கு நீ அதை அப்படியே திருப்பிக் கொண்டாந்தே. கேரியர்ல கிரீஸ் வாடை. நான் மறக்கல," என்றாள். "போ. ஆனா சும்மா திரும்பி வராத. நீ எடுக்கலைன்னு அத்தனை பேரு முன்னாடி அவன் வாயால சொல்லணும். அது இல்லாம வந்தா, வாசல்லயே நில்லு."

அவ்வளவுதான் அவனுக்கும் வேண்டியது. அந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை.

புல்லருக்கு எங்கே போவது? கிள்ளான் ரோட்டில் பழைய இரும்பு விற்கும் பெசி புரோக் கடைக்குப் போய், ஒரு அங்குலத் தடிமனில் தட்டு ஒன்றைத் தேடி எடுத்தான். மூன்று துளையின் இடமும் விரலுக்கே ஞாபகம் இருந்தது. லேத் கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் நடுத்திருகுக்கு மரை வெட்டிக்கொண்டான். சனிக்கிழமை மத்தியானம், எழுத்துப் பதிக்கும் இரும்புப் பஞ்ச்சை எடுத்துத் தட்டின்மேல் தன் பேரையும் 1988 என்ற வருஷத்தையும் ஆழமாக அடித்தான். இனி எந்தப் பயலும் இதைக் கம்பெனிப் புல்லர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு அடியையும் கார்த்திகேசுவின் நெற்றியில் அடிப்பதாக நினைத்துக்கொண்டுதான் அடித்தான். சுகமாக இருந்தது.

திட்டமும் தயாராகிவிட்டது. புல்லரைப் பூட்டி முறுக்க வேண்டியது. இன்னும் ஒரு அடி அடித்தால் வந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டியது. எழுந்து நின்று, 'சொல்லு' என்று கேட்க வேண்டியது. சொன்னால் வீல் வரும். சொல்லாவிட்டால் புல்லரைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியது. மினி இல்லாமல் முன்னால் நடந்தே போகட்டும் மொரிப்புக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவன் தன் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியபோது, பங்சாரில் அந்தத் தெரு முழுக்க மினிகள். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று பதினொரு கார் நின்றது. போர்ச்சில் ஏழெட்டு நாற்காலி, கையில் இட்லித் தட்டோடு பழைய முகங்கள். ஸ்டோர் கீப்பராக இருந்த கௌஸ் தாடி வெளுத்து உட்கார்ந்திருந்தார். பெயிண்ட் அடிக்கிற பாலன் தொந்தி போட்டிருந்தான். தம்புசாமியைக் கண்டதும் பேச்சு பொட்டென்று நின்றது. யாரோ ஒருத்தன் அடக்க முடியாமல், "அடே, புல்லர்!" என்றான்.

நடுவில், முன்பக்கம் தூக்கி நிறுத்திய மினிக்குப் பக்கத்தில் கார்த்திகேசு. வெள்ளைக் கால்சட்டை, பனியன், முழங்கை வரை கிரீஸ். தலை நரைத்திருந்தாலும் முதுகு வளையவில்லை.

"வந்திட்டீரோ? எங்க சாமான்? தாரும்," என்று கையை நீட்டினார்.

தம்புசாமி அவரைத் தாண்டிப் போய் கௌஸிடம் புல்லரை நீட்டினான். "பாய், நீங்கதான் ஸ்டோர் பாத்தவரு. நல்லா பாத்துச் சொல்லுங்க, இது கம்பெனிப் புல்லரா?"

கௌஸ் இட்லித் தட்டை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அல்லா! இது கையால செஞ்சதுப்பா. அதுல கம்பெனி நம்பர் இருக்கும். இதுல ஒம் பேருல்ல இருக்கு?" புல்லர் கைக்குக் கை மாறியது. சில பேர் தம்புசாமியின் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவனிடம் கொடுத்தார்கள்.

"வேடிக்கை காட்டினது காணும், வேலையைப் பாரும்," என்றார் கார்த்திகேசு. மற்றவர்களைப் பார்த்துப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார், "எழுபத்திநாலில புதுசா வாங்கின கார். இண்டை வரைக்கும் கிளட்ச் கழட்டினதே இல்லை. அப்பிடி ஓட்டியிருக்கிறன். அதுதான் வீல் இப்பிடி இறுகிப்போய் நிக்குது."

தம்புசாமி பக்கவாட்டில் முழங்காலிட்டுப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வீலைச் சுற்றியுள்ள பற்களில் கடப்பாறை போட்டு நெம்பின காயம். அது போதாதென்று, கிராங்கு முனைப் பள்ளம் செங்குத்தாக நிற்கிறது! அந்தப் பள்ளம் படுக்கையாக இருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைக்காவிட்டால், உள்ளே உள்ள வாஷர் சரிந்து விழுந்து ஃபிளைவீலை மாட்டிக்கொள்ளச் செய்யும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். "ஃபோர்மனே, பள்ளம் நிக்குதே," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். பாலன் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். கார்த்திகேசுவின் காது சிவந்தது.

தம்புசாமி எஞ்சினைத் திருப்பிப் பள்ளத்தைப் படுக்கையாக்கினான். நடுப் போல்ட்டைத் தளர்த்தி, நாலு மரை மட்டும் விட்டுவைத்தான். அப்படி விடாவிட்டால் வீல் பாய்ந்து வந்து காலை முறித்துவிடும். புல்லரைப் பூட்டினான். பதினோரு வருஷம் கழித்துக் கை அந்த வேலையைச் செய்தது. ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கண் கலங்கியது அவனுக்கே எரிச்சலாக இருந்தது. நீளமான பைப்பை மாட்டி முறுக்கினான். திருகு கிரீச்சிட்டது. இன்னும் கால் சுற்று. இன்னும் கொஞ்சம். திருகு இரும்பாக நின்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்தான்.

"இன்னும் ஒரு அடிதான். அடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை வேணும் சார். புல்லரை நான் எடுக்கலைன்னு இவங்க எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."



"எடுக்கேல்ல எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார் கார்த்திகேசு. "எனக்குத் தெரிஞ்சதைத்தான் அண்டைக்குச் சொன்னன். நடந்தது நடந்துபோச்சு. மன்னிச்சிட்டன் எண்டு மனுசியிட்டயும் சொல்லி அனுப்பினனான். அது காணாதோ உமக்கு?"

"உன் மன்னிப்பு யாருக்கு வேணும்? எடுத்தேனா, இல்லையா?"

"மரியாதையாக் கதையும் காணும்!"

"சொல்லலைன்னா இப்படியே கழட்டிக்கிட்டுப் போயிடுவேன். ஒன்னோட மினி இங்கயே கெடந்து துருப்பிடிக்கட்டும்!"

டமார்! அடிக்காமலே வீல் பிடி விட்டது. இறுக்கி விட்ட புல்லர் சில சமயம் தானாகவே இழுத்துவிடும். இட்லித் தட்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது. போச்சு. கையிலிருந்த ஒரே பிடியும் போச்சு. பூமணியிடம் போய் என்ன சொல்வான்?

கார்த்திகேசு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. விழுந்தடித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "சரி, காணும், லூசாகிட்டுது. நீர் எழும்பும். மிச்சத்தை நான் கழட்டுறன். கையை எடும் எண்டு சொல்லுறன்!"

அந்த அவசரம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. எவன் இப்படிப் பறப்பான், ஒரு கிரீஸ் படிந்த இரும்புச் சக்கரத்துக்காக? ஆள் வேண்டாம், சாமான் மட்டும் போதும் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பியதும் தம்புசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. தோளால் அவரை ஒதுக்கிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, ஃபிளைவீலை இரண்டு கையாலும் அணைத்து வெளியே இழுத்தான். தரையில் குப்புறப் போட்டான். எஞ்சினைப் பார்த்திருந்த பக்கம், அதன் முதுகு, மேலே வந்தது. துணியால் துடைத்தான்.

கே என்று ஓர் எழுத்து. பக்கத்தில் 8, அதை அடுத்து 77.

அந்தக் கம்பெனியில் வேலை செய்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. யார் கிளட்ச் மாற்றினாலும் ஃபிளைவீலின் முதுகில் தன் எழுத்தையும் மாதத்தையும் வருஷத்தையும் பஞ்ச்சால் அடித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். கார்த்திகேசு போட்ட சட்டம் அது. பத்து வருஷம் அடித்து அடித்துக் கை பழகிவிட்டால், சொந்தக் காருக்கும் அது தானாக அடித்துவிடும்.

"கௌஸ் பாய், வந்து படிங்க. சத்தமாப் படிங்க."

கௌஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். "கே. எட்டு, எழுவத்தேழு." அப்படியே நிமிர்ந்து கார்த்திகேசுவைப் பார்த்தார். "எழுவத்தேழு ஆகஸ்டு. புல்லர் காணாமப்போன மாசம்."

"அது கம்பெனியில வச்சுச் செய்தது," என்றார் கார்த்திகேசு.

"கம்பெனியில செஞ்சா கீழ ஜாப் நம்பர் அடிக்கணுமே சார்? எங்க நம்பர்?" என்றான் பாலன். "ஸ்டாஃப் காரு உள்ள வரக்கூடாதுன்னு போர்டு எழுதச் சொன்னதும் நீங்கதானே? அந்த போர்டுக்கு பெயிண்ட் அடிச்சவன் நான்."

"கழட்டினதே இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்று இன்னொருத்தர் கேட்டார்.

வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்றிருந்த குணபூசணி தட்டை மெல்லக் கீழே வைத்தார். "இந்தப் போர்ச்சிலதான் செய்தனீங்கள்," என்றார். "சனியும் ஞாயிறும். நான்தான் டார்ச் பிடிச்சனான். கம்பெனிச் சாமான், திங்கக்கிழமை விடியவே கொண்டுபோய் வைக்கவேணும் எண்டு நீங்கள்தான் சொன்னீங்கள். அது இந்தப் புல்லர்தானா? அதை எடுத்தார் எண்டா இந்தத் தம்பியைச் சொன்னீங்கள்? அதைக் கேட்டுக்கொண்டு வா எண்டா என்னை அனுப்பினீங்கள்?"

கார்த்திகேசு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "காலையில உள்ளுக்குக் கொண்டுபோய் வைக்க மறந்திட்டன். காருக்குப் பின்னால பூட்டில கிடந்தது எனக்கு ஞாபகமே இல்லை, சத்தியமா. பின்னேரம் வீட்டை வந்துதான் பாத்தன். அதுக்குள்ள இவர்ட பெட்டியைக் கொட்டியாச்சு, ஆளையும் அனுப்பியாச்சு. முப்பத்திரண்டு பேருக்கு முன்னால போய் நான் என்னெண்டு சொல்லுறது? பயந்துபோய்க் கிள்ளான் ஆத்தில போட்டிட்டன். பட்டறை வச்சிருக்கிறவரிட்ட வேற ஒண்டு இருக்கும் எண்டுதான் மனுசியை அனுப்பினனான்."

வந்துவிட்டது அந்த வார்த்தை. பதினோரு வருஷம் ஏங்கிய வார்த்தை. கேட்டால் மனசு குளிரும் என்று நினைத்திருந்தான் தம்புசாமி. குளிரவில்லை. அன்று சாயங்காலமே தெரிந்திருக்கிறது! ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டியிருந்திருக்காது. அத்தனை வருஷமும் இந்த மனுஷன் தெரிந்துகொண்டேதான் சோறு தின்றான், சாமி கும்பிட்டான், காரைக் கழுவினான்.

கார்த்திகேசு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்தானே. என்னை மன்னிச்சுக்கொள்ளும். புதுக் கிளட்ச் அங்க இருக்கு. பூட்டிவிட்டீர் எண்டா பதினொரு மணிக்குப் புறப்படலாம்."

இன்னும் மொரிப்! அட பாவி!

தம்புசாமி புல்லரைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். ஃபிளைவீலைச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்து, டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டினான்.

"ஏய், எங்க கொண்டுபோறீர்? அது என்ட கார்ச் சாமான்!"

"ஆமா, ஒன் காருச் சாமான்தான். நான் எடுத்துக்கிட்டுப் போறேன்," என்றான் தம்புசாமி. "பதினோரு வருஷம் ஒண்ணையும் எடுக்காமலே திருடன்னு சுமந்தேன். இனிமே எடுத்துட்டே சுமக்கறேன். இது என் பட்டறை வாசல்ல தொங்கும், முதுகு ரோட்டைப் பாத்து. போறவன் வாறவன் எல்லாம் படிக்கட்டும். நீ போய் போலீஸ்ல எழுதிக் குடு. என்ன சாமான், என்ன அடையாளம்னு கேப்பான். முதுகுல இருக்கற தேதியையும் சேத்துச் சொல்லு."

கார்த்திகேசு சுற்றிலும் பார்த்தார். கௌஸ் தன் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பாலன் சாவியைத் தேடினான். ஒருத்தரும் தடுக்க வரவில்லை.

"பூசணி! கேட்டைச் சாத்து! அவனை வெளிய விடாத!"

குணபூசணி விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். இரண்டு கதவையும் அகலத் திறந்து, மோட்டார் சைக்கிள் போய் முடிகிற வரைக்கும் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.